என் பணம் என்னுடையதுதான் என்று நிரூபித்த பதினோரு நாட்கள்

ஒரு தேர்தலில் ஒரு வாக்காளருக்கு எவ்வளவு செலவாகும் என்று யாராவது கேட்டால், 6,020 ரூபாய் என்று நான் தயங்காமல் சொல்வேன். நான் வேட்பாளர் அல்லன். எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் இல்லை. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறிய ஊரில், இரும்புச் சாமான் கடை ஒன்றில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். கால் கிலோ ஆணி விற்றாலும் பில் போடாமல் விட மாட்டான் என்று பெயரெடுத்தவன், சொந்தப் பணத்தை ஒரு துண்டுக் காகிதத்தின் துணைகூட இல்லாமல் எடுத்துக்கொண்டு, 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் நேரத்தில் சாலையில் மாட்டிக்கொண்ட கதை இது. விவரம் தெரிந்த ஒருவர் அன்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். யாரும் சொல்லாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு மின்விசிறியில் தொடங்கியது. 2011 தேர்தலுக்குப் பிறகு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் விலையில்லாமல் வழங்கியபோது என் தாயாரின் பெயரில் வந்த மேசை மின்விசிறி அது. அதற்கு முந்தைய 2006 தேர்தல் வாக்குறுதியின்படி வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மின்விசிறி மட்டும் கழுத்து ஒடிந்து, புடவைக் கிழிசலால் கட்டப்பட்டு, சன்னலை மட்டுமே பார்த்தபடி பல கோடைகளைக் கடந்து சுழன்றது. மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு அது நின்றபோது, "அடுத்தது யார் கொடுப்பாங்கன்னு காத்திருக்க வேண்டாங்க, நாமே ஏசி வாங்கிடுவோம்" என்று என் மனைவி இருட்டிலிருந்து சொன்னார். அந்தக் குரலில் இருந்த உறுதியை எந்தத் தேர்தல் அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

பணத்துக்கு வழி இருந்தது. எங்கள் தெருவில் 20 வீடுகள் சேர்ந்து மாதம் 3,500 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 70,000 ரூபாய்ச் சீட்டை 8,000 தள்ளி, 62,000 ரூபாய்க்கு நான் எடுத்தேன். மாவட்டத் தலைநகரில் உள்ள கடையில் ஒன்றரை டன் ஏசி 37,500 என்றும், ஸ்டெபிலைசர் 2,500 என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். ஆக மொத்தம் 40,000. இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கையில் மீதி இருக்கும் 22,000 நம்மைச் சும்மா விடுமா? 19,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷினும் சேர்த்து வாங்கினால், முழுத்தொகையையும் ரொக்கமாகக் கொடுக்கும் பட்சத்தில், 1,500 ரூபாய் குறைத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். நிதியாண்டு முடிவுச் சலுகை மார்ச் 31 வரைதான் என்றும் எச்சரித்தார். அன்று செய்தித்தாளுக்குள்ளிருந்து அந்தக் கடையின் துண்டறிக்கையும் ஒரு வேட்பாளரின் துண்டறிக்கையும் சேர்ந்து விழுந்தன. இரண்டிலும் கைகூப்பிய சிரித்த முகம், இரண்டிலும் இதுவரை யாரும் தராத சலுகை. கடையின் தாளில் மட்டும் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த அளவில் கடைக்காரரின் நேர்மை என்னைக் கவர்ந்தது.

தேர்தல் தேதி மார்ச் 16ஆம் தேதி அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. அது கட்சிகளுக்கான விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, சீட்டுக்கார அக்கா கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் மஞ்சள் பையில் போட்டு, மொபெட்டின் முன்பக்கக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு சாமியானா, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஜீப், கையில் கேமராவோடு ஓர் இளைஞர். கல்யாண வீடு என்று நினைத்தேன். "வண்டியை ஓரமா நிறுத்துங்க சார்" என்று காவலர் கை காட்டியபோதுதான் அது பறக்கும் படை என்று புரிந்தது.

பையைத் திறந்து பணத்தை வெளியே எடுத்த பிறகுதான் எனக்கே அதன் இலட்சணம் தெரிந்தது. தள்ளுத் தொகை 8,000 ரூபாயை 20 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 400 கழியும். ஆகவே ஒவ்வொரு வீடும் கட்டியது 3,100 ரூபாய். சீட்டுக்கார அக்கா கணக்கில் கெட்டிக்காரர். வசூலித்த பணத்தை வீடு வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி வைத்திருந்தார். "மாடி வீடு 3,100", "பால்காரர் வீடு 3,100", "டீச்சரம்மா 3,100 (பாக்கி இல்லை)". இப்படி 20 கட்டுகள். தேர்தல் நேரத்தில், மஞ்சள் பையில், வீடு வாரியாகப் பெயர் எழுதிய ஒரே அளவுப் பணக்கட்டுகள்! அந்த அலுவலர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. தேடி அலைந்த புத்தகம் கண்ணெதிரே கிடைத்த ஆராய்ச்சி மாணவரின் பரவசம்தான் இருந்தது. சீட்டுப் பணம் என்றேன். ரசீது கேட்டார். இல்லை என்றேன். ஏசி வாங்கப் போகிறேன் என்றேன். கடையின் விலைப்புள்ளி கேட்டார். தொலைபேசியில் பேசியதுதான் என்றேன். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க சார்?" என்றார். கணக்கர் என்று சொல்ல நா எழவில்லை. கடையில் வேலை என்று மட்டும் சொன்னேன். என் திருமணத்தில்கூட என்னை அவ்வளவு நேரம் வீடியோ எடுத்ததில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2009ஆம் ஆண்டு இடைத்தேர்தலுக்குப் பிறகு வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்குத் திருமங்கலம் என்ற ஊரின் பெயரே ஒட்டிக்கொண்ட மாநிலம் நம்முடையது, 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப்பட்டுவாடாப் புகாரால் ரத்து செய்யப்பட்டன. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்த 20 கட்டுகளையும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துச் சென்றால், அது எங்கிருந்து வந்தது, எதற்காகப் போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் காகிதத்தில் விடை இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு வங்கியில் பணம் எடுத்த சீட்டோ, கணக்குப் புத்தகத்தின் பதிவோ, நகையோ நெல்லோ விற்ற ரசீதோ போதும். இரண்டாவது கேள்விக்குக் கடையின் விலைப்புள்ளி, திருமண அழைப்பிதழ், மருத்துவமனைச் சீட்டு போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். வாக்காளர்களுக்குப் பரிசாகக் கொடுக்கத் தக்க புதிய பொருட்கள் 10,000 ரூபாய் மதிப்புக்கு மேல் மொத்தமாக வண்டியில் இருந்தாலும் இதே விசாரணை உண்டு. ஆகவே, வளைகாப்புக்கு எவர்சில்வர் தட்டுகளை மொத்தமாக வாங்கி வருகிறவர்களும் பில்லைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நான் ஏசி மட்டும் வாங்கப் போயிருந்தால் 40,000 ரூபாயோடு கையசைத்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வாஷிங் மெஷின்தான் என்னை வரம்பைத் தாண்ட வைத்தது.

அங்கே நான் சரியாகச் செய்த ஒரே காரியம், சத்தம் போடாமல் இருந்தது. பக்கத்தில் இன்னொருவர், மாட்டு வியாபாரி, உரத்த குரலில் சண்டை பிடித்து அரைமணி நேரம் கூடுதலாக வெயிலில் நின்றார். பணத்தை நம் கண்ணெதிரே எண்ணச் சொல்ல வேண்டும். நோட்டு வகை வாரியாக எண்ணிக்கை குறிக்கப்பட்ட பறிமுதல் ரசீதைக் கையெழுத்துடன் வாங்க வேண்டும். எங்கே முறையிடலாம் என்ற விவரத்தையும் அவர்கள் நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். நான் அந்த ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பணம் வட்டாட்சியர் அலுவலகம் வழியாகக் கருவூலத்துக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டு, காலி மஞ்சள் பையோடு வீடு திரும்பினேன். பையை மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நான் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் "பணப்பட்டுவாடா செய்ய முயன்றவர் சிக்கினார்" என்று, என் பின்புறம் மட்டும் தெரியும் படத்தோடு போட்டிருந்தார்கள். என் சட்டையை ஊரே அறியும். அவமானத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வந்தார் என்று எண்ணினேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல நாலு ஓட்டு இருக்கு தம்பி. பிடிபட்டது போக மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றார். வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம் என்றும், அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்றும் நான் சொன்னபோது, "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன், எதுக்குச் சட்டம் பேசுறே" என்று வருத்தத்துடன் எழுந்து போனார். மறுநாள் டீக்கடையில் தலைக்கு 3,100 என்பது இந்தத் தொகுதியின் ரேட்டாகவே பேசப்பட்டது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போனேன். வழக்கமாகத் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம், தேர்தல் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற பலகை வாசலில் தொங்கியது. குறை தேர்தலால் வந்தது. தீர்க்கும் நாளும் தேர்தலால் நின்றது. விசாரித்ததில், இத்தகைய பணத்தைத் திருப்பித் தரவென்றே மாவட்ட அளவில் மூன்று அலுவலர்களைக் கொண்ட குழு ஒன்று இருப்பது தெரிந்தது: ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர், தேர்தல் செலவினக் கண்காணிப்புக்குப் பொறுப்பான அலுவலர், மாவட்டக் கருவூல அலுவலர். வேட்பாளரோடோ கட்சியோடோ பணத்துக்குத் தொடர்பில்லை, வழக்கும் பதியப்படவில்லை என்றால், அவர்களே ஆராய்ந்து விடுவிக்க உத்தரவிடுவார்கள். வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாட்களுக்கு மேல் இத்தகைய பணத்தை நிலுவையில் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி. தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித்துறைக்கும் தகவல் போகும். இதற்கெல்லாம் இடைத்தரகரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. வாசலில் ஒருவர் 3,000 ரூபாய்க்கு "முடிச்சுத் தர்றேன்" என்றார். சாதாரண வெள்ளைத்தாளில் நானே எழுதிய மனுதான் கடைசியில் வேலை செய்தது.

மனுவோடு ஆதாரம் வேண்டுமே. சீட்டுக்கார அக்காவிடம் ஒரு கடிதம் கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "எம்பேரை எழுதிக் கொடுத்தா என்னையும் வீடியோ எடுப்பாங்களா தம்பி?" என்றார். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டு நடத்தப் பொதுவாக முன் அனுமதியும் பதிவும் வேண்டும். தெருச் சீட்டு நம்பிக்கையில் மட்டுமே ஓடுவது. நன்றாக நடக்கும்வரை நம்பிக்கையைப் போன்ற வசதியான ஆவணம் வேறில்லை, ஆனால் அதை ஜெராக்ஸ் எடுக்க முடியாது. இரண்டு நாள் கெஞ்சலுக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் தலையிட்டுச் சீட்டு நோட்டின் பக்கங்களைப் படியெடுக்க அனுமதி வாங்கித் தந்தாள். எனக்கு உண்மையில் கைகொடுத்தது என் வங்கிக் கணக்குப் புத்தகம்தான். மாதாமாதம் ஐந்தாம் தேதியையொட்டிச் சீட்டுக் கட்டுவதற்கென்று நான் எடுத்த தொகைகள் அதில் வரிசையாக இருந்தன. கடைக்காரரும் மனமிரங்கி, 59,000 ரூபாய்க்கு விலைப்புள்ளி ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார்.

27ஆம் தேதி புதன்கிழமை இவற்றையெல்லாம் கோப்பில் வைத்துக்கொண்டு மீண்டும் போனேன். அது வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் என்பதை மறந்துவிட்டேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு 100 மீட்டருக்கு முன்பே தடுப்பு வைத்து, மேளமும் மாலையுமாக வந்த கூட்டங்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் கையில் கோப்புமாக நின்ற என்னைப் பார்த்து, "சுயேச்சையா சார்? முன்மொழியறவங்க எங்கே?" என்று காவலர் மிக மரியாதையாகக் கேட்டார். மக்களவை வேட்பாளருக்கு வைப்புத்தொகை 25,000 ரூபாய். என் 62,000 கையில் இருந்திருந்தால் அந்த வெயிலில் நான் மனுவே தாக்கல் செய்திருக்கக்கூடும். அன்று உள்ளே போக முடியவில்லை. மறுநாள் அரைநாள் விடுப்பில் போய்க் கோப்பைக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் புனித வெள்ளி, பிறகு சனி, ஞாயிறு, ஏப்ரல் முதல் தேதி வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஏப்ரல் 2ஆம் தேதி விசாரணைக்கு அழைத்தார்கள். அந்தத் துண்டுச் சீட்டுகளை மேசையில் பரப்பி, "டீச்சரம்மா பாக்கி இல்லைன்னா என்ன அர்த்தம்?" என்று ஓர் அலுவலர் கேட்டார். போன மாதம் அவர் தாமதமாகக் கட்டினார் என்று நான் விளக்கியதும் மூவரும் சிரித்துவிட்டார்கள். வாக்குக்குப் பணம் கொடுப்பவன் பாக்கி எழுதி வைக்க மாட்டான் என்ற தர்க்கம் அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். 4ஆம் தேதி, அதாவது பதினோராவது நாள், பணம் முழுதாகத் திரும்பி வந்தது. அன்றே அதை வங்கிக் கணக்கில் செலுத்தினேன். சீட்டு எடுத்த அன்றே இதைச் செய்துவிட்டு, கடையில் யூபிஐ மூலமோ வங்கிப் பரிமாற்றம் மூலமோ செலுத்தியிருந்தால் இவ்வளவும் நடந்திராது. 1,500 ரூபாய் ரொக்கத் தள்ளுபடியின் மீது எனக்கிருந்த மோகம்தான் என்னை மஞ்சள் பை தூக்க வைத்தது.

இதற்குள் நிதியாண்டு முடிந்து சலுகையும் முடிந்திருந்தது. வெயில் ஏறியதும் விலையும் ஏறியது. அதே மூன்று பொருட்களுக்கு இப்போது 62,400 என்றார்கள். ஒரு கணக்கனின் பிடிவாதத்தோடு, வேறு ஏதாவது சலுகை வரும்வரை வாங்க மாட்டேன் என்று இருந்தேன். இரவெல்லாம் என் மனைவி விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு என் பிடிவாதத்தைப் பற்றித் தன் கருத்துகளைத் தெரிவித்துவந்தார்.

ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி அன்று ஊதியத்துடன் விடுமுறை. முதலாளி முணுமுணுக்காமல் கொடுத்தார். வாக்களிக்க எடுக்கும் விடுப்புக்குச் சம்பளம் உண்டு, வாக்கை விலைக்கு வாங்குகிறவன் அல்லன் என்று நிரூபிக்க எடுத்த விடுப்புக்குச் சம்பளம் இல்லை. காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றும் எங்களுக்கு இன்னொரு சறுக்கல் நேர்ந்தது. என் தாயார் தம் வாக்காளர் அட்டையைத் தொலைத்தவர். பூத் சிலிப்போடு குடும்ப அட்டையைக் கொண்டுவந்திருந்தார். அந்தத் தேர்தலில் மாற்று அடையாளமாக ஏற்கப்பட்ட 12 ஆவணங்களில் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம், 100 நாள் வேலை அட்டை போன்றவை உண்டு. குடும்ப அட்டை கிடையாது. 2019 முதல் பூத் சிலிப்பை மட்டும் காட்டி வாக்களிக்கவும் முடியாது. மின்விசிறியும் கிரைண்டரும் வாங்கித் தந்த அட்டை வாக்குக்குச் செல்லாது என்பதை என் தாயார் கடைசிவரை நம்பவில்லை. வீட்டுக்கு ஓடி ஆதாரை எடுத்து வந்தேன்.

உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தியதும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சிட்ட சீட்டு ஏழு விநாடிகள் தெரிந்து கீழே விழுந்தது. 22 ஆண்டுகளாகப் பில் போடும் எனக்கு, பில்லைக் காட்டிவிட்டுக் கடைக்காரரே பெட்டியில் போட்டுக்கொள்ளும் ஒரே கொள்முதல் அதுதான் என்று தோன்றிச் சிரிப்பு வந்தது. கடந்த மாதத்துப் பழக்கதோஷத்தில் கை தானாக ரசீதுக்கு நீண்டது. வாக்குச்சாவடி அலுவலர், "அவ்வளவுதான் சார், போகலாம்" என்றார்.

வெளியே வந்தால், மை வைத்த விரலுக்கு ஊரே சலுகை அறிவித்திருந்தது. ஓர் உணவகத்தில் 10 சதவீதத் தள்ளுபடி. 500 ரூபாய்க்கு மேல் சாப்பிட்டால் மட்டும் என்பது உட்கார்ந்த பிறகு தெரிந்தது. மைசூரில் உள்ள அரசு நிறுவனம் 1962 தேர்தலிலிருந்து தயாரித்துத் தரும் அந்த மை, ஒருவர் இரண்டு முறை வாக்களிக்காமல் இருப்பதற்காக வந்தது. இரண்டு தோசைக்கு விலை குறைக்கவும் அது பயன்படும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுத்துவிட்டால் எளிதில் போகாது. ஆகையால் அவசரப்பட வேண்டாம், சலுகைகளைக் கடை கடையாக ஒப்பிட்டுப் பார்க்க வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். ஆனால் ஏசிக் கடையின் பலகையில் "இன்று மட்டும்" என்று இருந்தது. மை வைத்த விரலுக்கு 500 ரூபாய் தள்ளுபடி. பில் தொகை 50,000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். மறுபடியும் அதே 50,000! விற்பனையாளர் என் விரலைப் படம் எடுத்துக்கொண்டார், நான் பணத்தைக் கைப்பேசியிலேயே செலுத்தினேன், எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

61,900 ரூபாய். மார்ச் 24 அன்று தடையின்றிப் போய்ச் சேர்ந்திருந்தால் 57,500 கொடுத்திருப்பேன். வித்தியாசம் 4,400, இரண்டரை நாள் விடுப்பில் ஒருநாள் சம்பளப் பிடித்தம் 850, பேருந்து, ஆட்டோ, ஜெராக்ஸ் 770. முதல் வரியில் நான் சொன்ன 6,020 இதுதான். ஏசி பொருத்த வந்தவர் "இலவசப் பொருத்துதல்" என்பதில் செம்புக் குழாய் சேராது என்று சொல்லி மேற்கொண்டு வாங்கிய தொகையை இதில் சேர்க்கவில்லை. அது தேர்தல் செலவாகாது.

பறிமுதல் ரசீது, விடுவிப்பு உத்தரவு, விலைப்புள்ளி, கடைசியில் வந்த பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். பணம்தான் வந்துவிட்டதே, இந்தக் குப்பை எதற்கு என்று என் மனைவி கேட்டார். "2026இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது, கிரைண்டர் வேறு சத்தம் போட ஆரம்பித்துவிட்டது" என்றேன்.